ஏட்டில் உள்ளதைக் கேட்டுப் பெறுவோம்

(முல்லைத்தீவு மாவட்டத்துக் கடற்றொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



மேடையேறுவோர் யாவரும் உரிமை, உரிமை என்று முழங்குகின்றனர். நாமும் முழங்கியவர்களே. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு துண்டுக் கடதாசியைப் பற்றியது. பொலிஸ் நிலையத்தில் நாம் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி. நீதிமன்றத்தில் நம் வழக்கில் எழுதப்பட்ட கட்டளையின் பிரதி. இவற்றைக் கேட்டுப் பெறும் வழி யாது, மறுத்தால் அடுத்த படி யாது, எந்த மொழியில் அவற்றைப் பெற நாம் உரித்துடையோம் என்பதே இன்றைய பேச்சு.

சிறிய பொருள் என்றோம். ஆனால் இந்தக் கரையில் வாழ்வோருக்கு அது சிறியதன்று. 2018 ஆகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவரின் படகுகளும் வலைகளும் வாடிகளும் இரவோடிரவாக எரிக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். வலையை இழந்தவன் மறுநாள் எங்கே போனாலும் அவனிடம் கேட்கப்படுவது ஒன்றே: "பொலிசில் போட்ட முறைப்பாடு எங்கே?" நட்டஈடு கேட்டாலும் கேட்பார்கள், காப்புறுதி கேட்டாலும் கேட்பார்கள், கடற்றொழில் திணைக்களத்திற்குச் சென்றாலும் கேட்பார்கள். "போட்டிருக்கிறோம் ஐயா, புத்தகத்தில் இருக்கிறது" என்று சொன்னால் போதாது. புத்தகம் அவர்களுடைய அலுமாரியில் இருக்கிறது, கையிலோ ஒன்றுமில்லை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் பாட்டிமார் கேட்டனர். எழுதிய கடனும் எழுத்து மாற்றான் பெட்டிக்குள் இருந்தால் எழுதாக் கடன்தான்.

ஆகவே முறைப்பாடு எழுதப்படும் நேரத்திலிருந்தே தொடங்குவோம். முள்ளியவளையாயினும், புதுக்குடியிருப்பாயினும், கொக்கிளாயாயினும் பொலிஸ் நிலையத்தின் மேசைக்கு முன் நாம் போய் நிற்கும்போது நிகழ்வது என்ன? எதிரேயிருக்கும் உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது; நமக்குச் சிங்களம் தெரியாது. அவர் பாதி விளங்கி, மீதியைத் தாமாக ஊகித்து, சிங்களத்தில் எழுதுவார். எழுதியபின் விரலால் ஓர் இடத்தைக் காட்டுவார். நாமும் கையெழுத்து வைத்துவிட்டு வருவோம். பல ஆண்டுகள் சென்று வழக்கு விளக்கத்துக்கு வரும்போதுதான் தெரியவரும், நாம் "வலையை வெட்டினார்கள்" என்று சொன்னது "வலை அறுந்தது" என்று அங்கே கிடப்பது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "அன்று அப்படிச் சொன்னீர், இன்று இப்படிச் சொல்கிறீரே" என்று கேட்கும்போது, கூண்டில் நிற்பவன் பொய்யனாகிவிடுகிறான்.

இதற்குச் சட்டம் இடங்கொடுக்கிறதா? இல்லை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். குற்றம் பற்றிய தகவலை வாயாலும் கொடுக்கலாம், எழுத்தாலும் கொடுக்கலாம். வாயால் கொடுத்தால், கொடுக்கப்பட்ட அதே மொழியில் அதை எழுதவேண்டும். எழுதியதைக் கொடுத்தவருக்கு வாசித்துக்காட்டவேண்டும். அம்மொழியில் எழுத உத்தியோகத்தரால் இயலாதெனின், முறைப்பாட்டாளரையே தம் மொழியில் எழுதித் தருமாறு கேட்கவேண்டும். அவராலும் எழுத இயலாதபோதுதான் வேறு தேசிய மொழியில் எழுதலாம்; அப்போதும் அதற்கான காரணத்தைப் புத்தகத்தில் குறித்து, எழுதியதை அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும். அதன் பின்னரே கையொப்பம்.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது யாது? முறைப்பாட்டை வீட்டிலிருந்தே தமிழில் எழுதி எடுத்துச் செல்லவேண்டும். எழுதத் தெரியாதவர் பள்ளிக்கூடம் போகும் தம் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். திகதி, நேரம், இடம், கண்டது, இழந்தது, ஐயம் யார்மீது என்பவை அதில் இருந்தாற் போதும். இரண்டு பிரதியாக எழுதி ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதப்பட்டதன் அடியில், வாசித்து விளக்காமல், கையொப்பம் வைக்காதீர்கள். வைத்தே தீரவேண்டிய நெருக்கடி வந்தால், "எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை" என்று கையொப்பத்தின் மேல் தமிழில் ஒரு வரி எழுதிவிட்டு வையுங்கள். அந்த ஒரு வரி ஒருநாள் பெரிய துணையாக வந்து நிற்கும்.

இன்னும் ஒன்று. தகவல் புத்தகம் என்று நாம் ஒருமையில் சொன்னாலும் பொலிஸ் நிலையத்தில் புத்தகங்கள் பல. குற்றங்களுக்கு ஒன்று, சிறு குற்றங்களுக்கு ஒன்று, வீதி விபத்துக்கு ஒன்று என வெவ்வேறாக உண்டு. ஆகையால் வெளியே வருமுன் எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம், எத்தனையாம் பந்தி, என்ன திகதி, எத்தனை மணி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துண்டு தந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். இவ்விலக்கங்கள் இல்லாமல் ஆறு மாதம் கழித்துப் போய்ப் பிரதி கேட்டால், "தேடிப் பார்க்கவேண்டும், பிறகு வா" என்பார்கள். இலக்கத்தோடு போனால் தேடுவதற்கு ஒன்றுமில்லை. நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, உரிய கட்டணத்தைச் செலுத்தி, நம் முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத கட்டணத்திற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

தமிழில் முறைப்பாடு எழுதப்படவேண்டும் என்று நாம் சொல்வது யாரிடமும் சலுகை கேட்பதன்று. 1988 இல் நிறைவேறிய 16 ஆம் திருத்தத்தின்பின் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை என்ன சொல்கிறது? வடக்குக் கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ். பொதுப் பதிவேடுகளைப் பேணும் மொழியும் தமிழ். முல்லைத்தீவுப் பொலிஸ் நிலையம் வட மாகாணத்துக்குள்தானே இருக்கிறது? அங்கேயுள்ள பதிவேடு தமிழில் இருப்பது விதி. சிங்களத்தில் இருப்பது மீறல். நாமோ மீறலை வழமையென்று ஏற்றுக்கொண்டு, விதியைக் கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம். தெற்கே போனாலும் நமக்கு வெறுங்கையில்லை. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடத்தில், ஒரு பதிவேட்டின் பிரதியைப் பெறும் உரிமை சட்டத்தால் நமக்கு உண்டெனின், அதனைத் தமிழில் அல்லது தமிழ் மொழிபெயர்ப்பாகப் பெறும் உரிமையையும் அதே உறுப்புரை தருகிறது. நீர்கொழும்பில் தொழில் செய்யப்போய் அங்கே பொலிசில் அகப்பட்ட நம் பிள்ளைக்கும் இது பொருந்தும். இவ்வுரிமை மீறப்பட்டால் 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

இனி, எதைக் கேட்டாற் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடவேண்டும். நாம் கொடுத்த முதல் முறைப்பாடு வேறு. அதன்பின் விசாரணையில் பிறரிடம் பொலிசார் பதிந்த வாக்குமூலங்கள் வேறு. இரண்டாவது வகையை நாம் போய்க் கேட்டவுடன் தரமாட்டார்கள். நீதிமன்றம் அவற்றை வரவழைத்துப் பார்க்கலாம். ஆனால் எதிரிக்குக்கூட அவற்றைக் கேட்டுப் பார்க்கும் உரிமை பொதுவாக இல்லை என்று 110 ஆம் பிரிவு கூறுகிறது. இதில் நமக்கு மனத்தாங்கல் வேண்டியதில்லை. நம் பக்கத்து வீட்டுப் பெண் சாட்சி சொல்லியிருந்தால், அவள் சொன்னது மறுநாளே ஊர்முழுதும் திரிவதை நாம் விரும்புவோமா? பாலியல் வன்செயலுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றமே. மூடவேண்டியதை மூடுவது நீதி. மூடத் தேவையில்லாததையும் சேர்த்து மூடுவதுதான் நமது வழக்கு.

பொலிஸ் படலையைக் கடந்து நீதிமன்ற வாசலுக்கு வருவோம்.

நம்மவருக்குக் கோடு என்றால் நடுக்கம். பிறக்கிராசிமாரும் அப்புக்காத்துமாரும் இருந்த காலத்திலிருந்து வந்த நடுக்கம் அது. பெயர் மாறிச் சட்டத்தரணி ஆனபின்னும் நடுக்கம் மாறவில்லை. தவணைக்குத் தவணை வேலையை விட்டுவிட்டு வருகிறோம், பெயர் கூப்பிடுகிறார்கள், நீதவான் ஏதோ சொல்கிறார், அடுத்த திகதியைக் காதில் வாங்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடுகிறோம். அன்று என்ன கட்டளை பிறந்தது என்று கேட்டால், "லோயர் ஐயாவுக்குத் தெரியும்" என்கிறோம். அவருக்கு நூறு வழக்கு. நமக்கு இருப்பதோ ஒன்று.

ஒவ்வொரு தவணையிலும் நடந்தது வழக்கேட்டில் குறிக்கப்படுகிறது. பொலிசார் விசாரணையின் தொடக்கத்தில் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கையை நீதிமன்ற வட்டாரத்தில் பீ அறிக்கை என்பர். வழக்குக்கு ஓர் இலக்கம் உண்டு, அதுவே சாவி. குற்றவியல் நீதிமன்றமொன்றின் தீர்ப்பினாலோ கட்டளையினாலோ பாதிக்கப்பட்டவர், அக்கட்டளையின், சாட்சியத்தின், அல்லது வழக்கேட்டின் வேறெப்பகுதியினதும் பிரதியை விண்ணப்பித்து, கட்டணம் செலுத்திப் பெறலாம் என்று அதே 1979 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தகுந்த காரணம் இருப்பின் நீதிமன்றம் அதை இலவசமாகவே தரலாம். விண்ணப்பத்தைச் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரமாகக் கொடுப்பது வழமை. சட்டத்தரணி வைத்துக்கொள்ள வசதியில்லாதவர் பதிவாளரிடம் நேரே கேட்கலாம். சட்டவுதவி ஆணைக்குழுவையும் நாடலாம். வழக்கில் நாம் கட்சிக்காரர் அல்லவெனில், நமக்கு அதில் என்ன தொடர்பு என்பதை விண்ணப்பத்தில் காட்டவேண்டும். இறந்தவரின் மனைவி, தாய், பிள்ளை என்பது போதிய தொடர்பே. முடிவு நீதவானுடையது.

பிரதி கிடைக்குமட்டும் சும்மா இருக்கவேண்டும் என்பதுமில்லை. அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வு பகிரங்கமானது. குடும்ப விவகாரம், பாலியல் விடயம், நாட்டின் பாதுகாப்பு முதலியவற்றுக்காகவே நீதிபதி கதவை மூடலாம். ஏனைய நாளில் ஊரிலிருந்து இருவர் பின் வாங்கிலில் அமைதியாக அமர்ந்து, திகதியையும் கட்டளையையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வதைத் தடுப்பார் இல்லை.

நீதிமன்றப் பத்திரத்தின் மொழி பற்றி இங்கு ஒரு வார்த்தை. 1961 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க நீதிமன்ற மொழிச் சட்டம் வந்தபோது, தமிழன் தன் வழக்கின் தீர்ப்பைத் தானே வாசிக்க முடியாத நாள் வரப்போகிறது என்று அன்றைய தலைவர்கள் எச்சரித்தனர். அவ்வாண்டுதான் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்தது. முதியோர் சிலர் அதில் அமர்ந்த நினைவோடு இன்னும் நம்மிடை இருக்கின்றனர். இன்று அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, தமிழ் நிருவாக மொழியாயுள்ள பகுதிகளில் நீதிமன்றப் பதிவேடும் நடவடிக்கையும் தமிழில் இருக்க இடஞ்செய்கிறது. அது மட்டுமன்று, எந்த நீதிமன்றமாயினும், அதன் மொழி விளங்காத கட்சிக்காரருக்கு மொழிபெயர்ப்பை அரசே தரவேண்டும். பதிவேட்டில் சட்டப்படி அவர் பெறக்கூடிய பகுதியை அவருடைய மொழியில் பெறவும் அவருக்கு உரித்துண்டு. இவ்வரிகளைக் கேட்டுப் பெற்றவர் எத்தனை பேர்?

இதன் அருமை மூதூரில் தெரிந்தது. 2006 ஆகஸ்ட் 4 இல் அங்கே பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர், பெரும்பாலும் தமிழர். அவ்வழக்கு மூதூர் நீதவானிடமிருந்து எடுக்கப்பட்டு அடுத்த மாதமே அனுராதபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிறகு கந்தளாய்க்கு வந்தது. வழக்கேடு ஊர் ஊராகப் பயணம் செய்யும்போது, பிள்ளையை இழந்த ஏழைத் தாய் அதன் பின்னால் எத்தனை பேருந்து ஏறுவாள்? போய்ச் சேர்ந்தாலும் அங்கே பேசப்படும் மொழி அவளுடையதா? வழக்கேடு இடம் மாறுமுன் அதன் பிரதி குடும்பத்தின் கையில் இருப்பது எவ்வளவு வேண்டியது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நம் மாவட்டத்து நீதிமன்றத்தையே பாருங்கள். நாயாற்றுக்கு அருகே நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில், 2019 செப்டெம்பர் 23 இல், வேறிடத்தில் தகனம் செய்யுமாறு நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தும், கோயிற் கேணிக்கு அருகே ஒரு பிக்குவின் உடல் தகனம் செய்யப்பட்டது. கட்டளை மீறப்பட்டது என்று வாயால் ஆயிரம் பேர் சொல்லலாம். நீதிமன்ற அவமதிப்பு என்று வழக்காடப் புகுவோனுக்கு முதலில் வேண்டியது கட்டளையின் பிரதி. 2023 செப்டெம்பரில் இம்மாவட்டத்து நீதிபதியே, தமக்கு உயிரச்சுறுத்தலும் அழுத்தமும் உண்டெனக் காரணம் எழுதிப் பதவி விலகி நாட்டைவிட்டுச் சென்றார். நீதிபதி போனார்; அவர் எழுதிய கட்டளைகள் ஏட்டில் இருக்கின்றன. அவற்றை வாசித்தவர் நம்மில் யார்?

2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் புதைக்க மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் அகழ்வு நடந்தது. 2024 ஜூலையில் அது முடிந்தபோது எடுக்கப்பட்ட எலும்புக்கூடுகள் 52. ஒவ்வொன்றோடும் கிடைத்த உடை, இலக்கத்தகடு, பொருள் யாவும் அறிக்கையில் ஏறுவன. காணாமற்போன தன் பிள்ளை அன்று உடுத்திருந்தது இன்ன நிறம் என்று நினைவு வைத்திருக்கும் தாய் இந்தக் கூட்டத்திலும் இருக்கக்கூடும். அவளுக்கும் அந்த அறிக்கைக்கும் நடுவே இருப்பது ஒரு விண்ணப்பம்.

பயனுண்டா என்று கேட்பீர்கள். உண்டு என்பதற்கு ஒன்று சொல்வோம். போரின் இறுதியில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டுக் காணாமற்போனோரின் மனைவிமார் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தனர். விசாரணை முல்லைத்தீவு நீதவானிடம் வந்தது. பல ஆண்டுகள் தவணை தவணையாக இங்கே அவர்கள் நின்றனர், கண்டதைச் சொன்னார்கள், அது எழுதப்பட்டது. 2022 டிசெம்பரில் அம்மனுக்களுள் ஒன்றில், கையளிக்கப்பட்டவரை முன்னிலைப்படுத்துமாறு மேல் நீதிமன்றம் இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. கணவன் வீடு திரும்பவில்லை. அதை மறைத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் "அப்படியொருவரை நாம் பெறவேயில்லை" என்ற வாதத்துக்கு எதிராக நீதிமன்ற முத்திரையோடு ஓர் எழுத்து உண்டாயிற்று. அவ்வெழுத்துக்கு அடித்தளம் இந்த ஊர் நீதிமன்றத்தில் பதிந்த சாட்சியம்.

பொலிசார் தரமாட்டோம் என்றால் என்ன செய்வது? இங்குதான் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் உள்ளது. பொலிஸ் திணைக்களமும் அதற்கு உட்பட்டது. நீதிமன்றங்களும் உட்பட்டவையே, எனினும் வழக்கேட்டுக்கு நாம் முன்பு சொன்ன வழியே நேர்வழி. ஒவ்வொரு பொது அதிகாரசபைக்கும் ஒரு தகவல் அலுவலர் உண்டு; அவர் யார் என்பதை எல்லோரும் காணும் இடத்தில் எழுதி வைக்கவேண்டும். அவருக்கு எழுத்தில் கேட்கவேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டால் அவரே எழுதிக்கொள்ளவேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று வினவ அவருக்கு உரிமையில்லை; சொல்ல நமக்குக் கடமையுமில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். ஒருவரின் உயிரோ ஆட்சுதந்திரமோ பற்றிய தகவலாயின் 48 மணித்தியாலம். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்று தவிக்கும் குடும்பம் இந்த 48 ஐ மறக்கக்கூடாது.

மறுத்தாலும், மறுக்காமல் மௌனமாயிருந்தாலும், 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அவரும் கைவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழு. அங்கே, தராமல் விட்டது சரியென்று காட்டவேண்டிய பாரம் திணைக்களத்தின் தலையில்; நம் தலையில் அல்ல. குற்றப் புலனாய்வுக்குக் கடும் பாதகம் என்றும், நாட்டின் பாதுகாப்பு என்றும் காரணம் சொல்வார்கள். சட்டத்தின் 5 ஆம் பிரிவில் அவ்விலக்குகள் உண்டு என்பது மெய்யே. ஆனால் வெளியிடுவதிலுள்ள பொதுநலம் மறைப்பதால் வரும் நலத்தைவிடப் பெரிதாயின் வெளியிடவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒரு பகுதிதான் மறைக்கத்தக்கதெனின் அதை நீக்கி எஞ்சியதைத் தரவேண்டும்.

தனியே கேட்கப் பயமாக இருக்கிறது, கேட்டால் இரவில் யாராவது வந்து விசாரிப்பார்கள் என்று தாய்மார் சொல்கிறார்கள். பயத்தைக் குறை சொல்ல நாம் யார்? பட்டவர் பயப்படுகிறார். ஆனால் இச்சட்டத்தில் பிரஜை என்பது தனியாளை மட்டும் குறிப்பதன்று. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாயுள்ள ஒரு சங்கமும் கேட்கலாம். உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் முத்திரையோடு ஒரு விண்ணப்பம் போகட்டும். தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர், பின்னால் நூறு குடும்பம். யார் வீட்டுப் படலையைத் தட்டுவது? இலண்டனிலும் தொரொன்ரோவிலும் உள்ள நம் உறவினர் இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டிருந்தால் அவர்கள் நேரே கேட்க இயலாது. பணம் அனுப்புவது போல் விண்ணப்பத்தையும் அவர்கள் அனுப்பிவிடுவார்கள் என்று காத்திருக்கவேண்டாம்.

நாம் இன்று ஓடிவந்து இதைப் பேசுவதற்குக் காரணம் இனிச் சொல்வதே. அச்சட்டத்தின் 7 ஆம் பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவேடுகளை அன்றுதொட்டுப் பத்தாண்டுக்குக் குறையாமலும், பின்னர் உண்டானவற்றை உண்டான நாள்தொட்டுப் பன்னிரண்டு ஆண்டுக்குக் குறையாமலும் பேணவேண்டும் என்கிறது. கணக்குப் போடுங்கள். 2017 பெப்ரவரியோடு பத்தைக் கூட்டினால் 2027 பெப்ரவரி. போர் முடிந்து நாம் முகாமிலிருந்து திரும்பிய பின் 2010, 2011, 2012 இல் கொடுத்த முறைப்பாடுகள், காணி அபகரிப்பு பற்றியவை, பிள்ளைகளைத் தேடியவை யாவும் அந்தப் பழைய பதிவேட்டுக் கணக்கில் அடங்கும். 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டமும் பொதுப் பதிவேட்டை நினைத்தபடி அழிக்கவிடாது என்பது உண்மை. ஆனால் கறையானுக்கும் கூரை ஒழுக்குக்கும் சட்டம் தெரியாது. கவனமற்ற உத்தியோகத்தருக்கும் தெரியாமற் போகலாம். இங்கே நமக்கு ஒரு பிடி உண்டு: ஒரு பதிவேட்டைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டால், அவ்விண்ணப்பமும் அதன் மேன்முறையீடும் முடியும்வரை அதை அழிக்கக்கூடாது என்று சட்டம் தடுக்கிறது. கேட்பதே காப்பாகிறது.

அதற்கு முந்திய காலத்தைப் பற்றியும் ஒளிவின்றிப் பேசவேண்டும். 1996 ஜூலையில் முல்லைத்தீவுப் படைமுகாம் வீழ்ந்ததிலிருந்து 2009 ஜனவரி வரை இந்த நகரத்தில் அரசின் பொலிசுமில்லை, நீதிமன்றமுமில்லை. விடுதலைப் புலிகளின் காவற்றுறையும் நீதிமன்றுகளும் நடந்தன. அவர்கள் எழுதிய ஏடுகளை இன்று எந்த அலுமாரியில் போய்த் தேடுவது? நடுவே 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்து வீட்டுப் பெட்டியில் இருந்ததையும் கொண்டுபோயிற்று. ஆகவே அந்தப் பதின்மூன்று ஆண்டுக்கு இங்குள்ள பொலிசில் பிரதி கேட்பது வீண் அலைச்சல். அக்காலத்தில் வவுனியாவிலோ வேறிடத்திலோ கொடுத்த முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கம் தந்த துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம், பின்வந்த விசாரணை ஆணைக்குழுக்களில் சொன்ன சாட்சியம், 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த படிவம், இவற்றை ஒன்றுசேர்க்கவேண்டும். சேர்த்து ஒரே கோவையில் வைக்கவேண்டும். இன்று கோவை எங்கே இருக்கிறது? ஒரு தாள் தலையணையின் கீழ், ஒன்று மருமகனிடம், ஒன்று யாரோ ஒரு பத்திரிகைக்காரர் வாங்கிப் போனார், திருப்பித் தரவில்லை. மூலப்பத்திரத்தை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எங்களைப் போல மேடையிலிருந்து பேசுவோர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பிரதி எடுத்துக் கொடுங்கள்.

நம் அரசியற் பிரமுகர்களுக்கும் ஒரு சொல். பாராளுமன்றத்தில் வெகுண்டு பேசும்போது "நூற்றுக்கணக்கான முறைப்பாடுகள்" என்கிறார்கள். எந்த நிலையம், எந்தத் திகதி, எந்தப் பக்கம் என்று மறுதரப்பு கேட்டால் விழிக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மேசை, ஓர் எழுதுவினைஞர், ஓர் அலுமாரி வைத்து இப்பிரதிகளைச் சேர்த்திருந்தால் ஜெனீவாவுக்குப் போகும் கடதாசியும் கனத்திருக்கும். கொடி கட்டச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பந்தலடியில் மூன்று மேசை போடப்பட்டிருக்கிறது. 2009 க்குப் பின் இந்த மாவட்டத்துப் பொலிஸ் நிலையங்களில் முறைப்பாடு கொடுத்தவர்கள், பிரதி கையில் இல்லாதவர்கள், முதல் மேசைக்கு வாருங்கள். திகதி திட்டமாகத் தெரியாவிட்டால் எந்த மாதம், எந்தக் கோயில் திருவிழாவை அடுத்து, எந்தப் பாடு நேரம் என்று சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். நீதிமன்றத்தில் வழக்குள்ளவர்கள் இலக்கத்தோடு இரண்டாவது மேசைக்கு. மூன்றாவதில் சங்கச் செயலாளர்கள் இருந்து சங்கத்தின் பெயரால் விண்ணப்பம் எழுதுவார்கள். முத்திரையை மறந்து வந்தவர்கள் நாளை மாலைக்குள் கொண்டுவாருங்கள். அடையாள அட்டைப் பிரதி ஒன்று வேண்டும். மூலத்தைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டாம்.